ஏணியும் பாம்பும்

அடையாற்றில் இருக்கும் என் அக்காவின் பிள்ளை சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து ஒரு புகார் சொன்னான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவன். இரவில் கணினியின் முன் உட்கார்ந்து, உலகத்தின் பல மூலைகளிலும் இருக்கிற முகம் தெரியாத மனிதர்களோடு சேர்ந்து, அரக்கர்களைக் கொல்லுகிற ஆட்டம் ஒன்றை ஆடுகிறவன். "மாமா, நேத்து ராத்திரி ஒரே மூச்சில் முப்பது லெவல் ஏறிவிட்டேன்" என்றான். சந்தோஷமான செய்தி என்று நினைத்து, "பேஷ்!" என்றேன். அவன் முகம் சுருங்கியது. "பேஷ் இல்லை மாமா. ரொம்ப சுலபமாகப் பண்ணிவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் ஏறலாம்."

என் வாழ்நாளில், பரீட்சை கடினமாக இருந்தது என்று அழுத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே அழுதிருக்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், 'சுலபமாக இருக்கிறது' என்று ஒருவன் துக்கப்பட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆகவே அவனை உட்கார வைத்துக் காபி கொடுத்து விஷயத்தை விசாரித்தேன்.

அவன் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஆட்டங்களின் மூலபுருஷர் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டு. மேற்கொண்ட காரியங்களுக்கு ஏற்ப அனுபவப் புள்ளி சேரும். புள்ளி சேரச் சேர ஆட்டக்காரன் ஒரு படி உயருவான். இதையே கணினிக்குக் கொண்டுவந்தார்கள். 1999-இல் வந்த 'எவர்குவெஸ்ட்' என்ற ஆட்டத்தில் படி ஏறுவது பெரும் பிரயாசை. செத்துப்போனால் சேர்த்த அனுபவத்தில் ஒரு பங்கு போய்விடும். ஏறிய படியிலிருந்து இறங்கவும் நேரும். கீழே விழுந்து கிடக்கும் தன் உடலைத் தானே தேடிக்கொண்டு போய்ச் சாமான்களை மீட்க வேண்டும். 2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' அந்தத் தண்டனைகளைத் தளர்த்தியது. செத்தால் அனுபவம் குறையாது. கூட்டம் அலைமோதிற்று.

அதில் உச்சப்படி முதலில் 60. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் உயர்ந்துகொண்டே போய் 2018-இல் 120 ஆயிற்று. படிகள் கூடக் கூடப் புதிதாக வருகிறவன் மலைத்து நிற்பான் அல்லவா? அதற்காக ஏறுவதைச் சுலபமாக்கிக்கொண்டே வந்தார்கள். 2014-இல் ஒரு காரியம் செய்தார்கள்: 60 டாலர் கொடுத்தால் 90-ஆம் படியில் நிற்கிற ஆளையே ஆயத்தமாகத் தந்துவிடுவது. 2020-இல் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டார்கள். முதல் நாள் 120-இல் நின்றவன் மறுநாள் 50-இல் நின்றான். இதற்கு நடுவே, 2019-இல், பழைய கடினமான ஆட்டத்தை அப்படியே மறுபடியும் வெளியிட்டபோது, உள்ளே நுழைவதற்கே ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்களாம். சிரமத்துக்கு வரிசை!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒரு சம்பவம். அந்த ஆட்டத்தைச் சோதனை பார்த்த காலத்தில், நெடுநேரம் தொடர்ந்து ஆடினால் கிடைக்கும் புள்ளி பாதியாகக் குறையும் என்று ஒரு விதி வைத்தார்களாம். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். உடனே என்ன செய்தார்கள்? கணக்கை மாற்றவில்லை, பெயரை மாற்றினார்கள். பழைய முழுப் புள்ளிக்கு 'ஓய்வெடுத்தவனுக்கு இரட்டைப் புள்ளி' என்று பெயர். பழைய பாதிப் புள்ளிக்கு 'சாதாரணப் புள்ளி' என்று பெயர். எண்கள் அதேதான். எல்லோரும் திருப்தி அடைந்துவிட்டார்கள். மனித சுபாவத்தை இவ்வளவு நன்றாக அறிந்தவர்கள் நாவல் எழுதாமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் நான் ஆடிப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான். ஆனால் அக்காவின் பிள்ளை கேட்ட கேள்வி எனக்குப் புதிதல்ல. அது எங்கள் வீட்டிலேயே இரண்டு வருஷமாக நடமாடிக்கொண்டிருக்கிற கேள்வி. என் பெண் செஸ் ஆடுகிறாள்.

சென்னையில் பெண்ணோ பிள்ளையோ செஸ் ஆடுகிறது என்றால் அது ஒரு செய்தியே அல்ல. மயிலாப்பூரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு வீணை இருந்ததுபோல இப்போது சுருட்டி வைத்த செஸ் விரிப்பு ஒன்று இருக்கிறது. நானும் பெண்ணை வாரத்துக்கு இரண்டு நாள் தியாகராய நகரில் ஒரு வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போய், வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாதி நாவல் எழுதியிருக்கிறேன். அந்த வகுப்பின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் கெட்டவர்களும் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழந்தைகளை அடுத்த 'லெவலு'க்கு உயர்த்துவார்கள். உயர்த்தும் தினத்தில் ஒரு சான்றிதழ், ஒரு பதக்கம், ஒரு புகைப்படம், அடுத்த தவணைக்கான கட்டணச் சீட்டு. நான் போய்வந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு குழந்தையாவது ஒரு லெவலில் நின்றுபோனதாகவோ, ஒரு படி கீழே இறங்கியதாகவோ நான் கேள்விப்பட்டதில்லை. என் பெண் நான்காம் லெவல் முடித்திருக்கிறாள். சான்றிதழ் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, ஒரு பெரியவர் இருக்கிறார். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதுக்கு மேல். பெயரைப் போடக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார். 1972-இல் மானுவல் ஆரோன் முதலானவர்கள் சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார்களே, அங்கே வாலிப வயதில் ஆடியவர். இன்னும் போட்டிகளுக்குப் போய்வருகிறார். மத்தியான வெயிலில் குடையும் கையுமாக, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எதிரில் உட்கார்ந்து தோற்றுவிட்டு வருவார். அவருடைய அபிப்பிராயம் தெளிவானது, கடுமையானது.

"ஆரோன் 1961-இல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அடுத்த ஆள், பரமக்குடி ரவிகுமார், 1978-இல்தான். பதினேழு வருஷம் இந்த தேசத்தில் ஒரே ஒரு மனுஷர்! இப்போது கிராண்ட்மாஸ்டர் பட்டமே கடையில் கிடைக்கிற மாதிரி ஆகிவிட்டது, ஸார். எல்லாம் மலிந்துவிட்டது" என்பார்.

எண்களைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 1950-இல் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தபோது உலகம் முழுவதற்கும் 27 பேர். இன்றைக்கு அந்தப் பட்டம் பெற்றவர்களின் தொகை 1,700-க்கும் மேல். நம் நாட்டில் முதல்வர் ஆனந்த், 1988-இல். இரண்டாமவர் திப்யேந்து பரூவா, 1991. மூன்றாமவர் பிரவீண் திப்ஸே, 1997. ஆக, பத்து வருஷத்தில் மூன்று பேர். 2024 மே மாதத்தில் 85-ஆவது ஆள் வந்துவிட்டார். பிரக்ஞானந்தா 2018-இல் பட்டம் பெற்றபோது வயது 12 ஆண்டு 10 மாதம். குகேஷ் 2019 ஜனவரியில் பெற்றபோது 12 ஆண்டு 7 மாதம் 17 நாள். மீசை முளைக்காத வயதில் மகாவித்துவான் பட்டமா என்று ஒரு பெரியவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பது ஒன்று. படி தாழ்ந்திருக்கிறது என்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500 ரேட்டிங்கை எட்ட வேண்டும். அதுதவிர மூன்று 'நார்ம்' வேண்டும். நார்ம் என்பது, பலம் வாய்ந்தவர்கள் கூடும் ஒரு போட்டியில், 2600 ரேட்டிங் உள்ளவன் ஆடுவதுபோல ஆடிக் காட்டுவது. எதிராளிகளில் மூன்றில் ஒரு பங்காவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். பொதுவாகப் பல தேசத்தவராகவும் இருக்க வேண்டும். இந்தச் சுவரில் யாரும் ஓர் அங்குலம்கூட இடித்துவிடவில்லை. சுவரைக் குதித்துத் தாண்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள்.

ஏன் பெருகினார்கள்? பழைய நாளில் ஒரு ருஷியப் புத்தகம் கிளப்புக்கு வந்தால் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். இன்றைக்கு உலகத்தில் நேற்று நடந்த ஆட்டமெல்லாம் பையனின் சட்டைப்பையில் இருக்கிறது. 1997-இல் காஸ்பரோவையே இயந்திரம் வென்றுவிட்டது. இன்று அதைவிடச் சூரமான இயந்திரம் இலவசமாகப் பாடம் சொல்கிறது. ஆர். பி. ரமேஷ் போன்ற கிராண்ட்மாஸ்டர்கள் போட்டிகளைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். நார்முக்கு வேண்டிய அந்நியதேசத்து எதிராளியைத் தேடி ஐரோப்பாவுக்குக் கடன் வாங்கி டிக்கெட் எடுத்த காலம் போய், ஓரளவுக்கு அவர்களே இங்கே வருகிறார்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடே நடந்தது. நேப்பியர் பாலம் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். மலைக்குப் பாதை போட்டதனால் மலை தாழ்ந்துவிட்டது என்று சொல்லக் கூடாது.

பாதை போட்டும்கூட ஏற முடியாமல் நின்றவர்களும் உண்டு. அந்த 85-ஆவது ஆள், நம் தமிழ்நாட்டு ஷ்யாம்நிகில், 2012-லேயே 2500-ஐத் தாண்டியவர். இரண்டு நார்ம்களும் அப்போதே கையில் இருந்தன. மூன்றாவது ஒன்றே ஒன்று, அது 2024-இல் துபாயில்தான் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம்! கடையில் விற்கிற சரக்கென்றால் பன்னிரண்டு வருஷம் ஏன் காத்திருக்கிறார்? பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் வேறு" என்றார். தாம் மதிக்கிற ஒவ்வொருவரையும் அவர் இப்படி விதிவிலக்காக்கிக்கொண்டே போனால் கடைசியில் விதி என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

ஆயினும் அவர் குறையில் ஒரு பங்கு உண்மையும் இருக்கிறது. கட்டணம் கட்டினால், நார்முக்கு வேண்டிய கணக்குப்படி எதிராளிகளைச் சேர்த்து உட்கார வைக்கிற போட்டிகள் உலகத்தில் பல இருக்கின்றன. விதிப்படி அவை சரிதான்; அங்கேயும் ஆடித்தான் வெல்ல வேண்டும். ஆனாலும் சமையலறையில் அளந்து வைத்த சாமான்களைக்கொண்டு செய்கிற சமையலுக்கும், சந்தையில் கிடைத்ததைக்கொண்டு செய்கிற சமையலுக்கும் வித்தியாசம் உண்டல்லவா? மற்றொன்று: பட்டம் ஒரு முறை வந்தால் ஆயுளுக்கும் போகாது. ஆட்டம் தேய்ந்து ரேட்டிங் சரிந்தாலும், பெயருக்கு முன்னால் பட்டம் நிற்கும்.

இதை வைத்துத்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடியிருப்பீர்கள். அதில் ஏணிகள் உண்டு. சோழி நன்றாக விழுந்தால் ஒரு நொடியில் பத்து வரிசை ஏறிவிடலாம். அதைவிடச் சுலபமான ஏற்றம் உலகத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் அந்த ஆட்டம் சப்பென்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை. காரணம், அங்கே பாம்பும் உண்டு. உச்சிக்குச் சமீபத்தில், இன்னும் இரண்டே கட்டம் என்கிறபோது, வாயைத் திறந்துகொண்டு ஒரு பெரிய பாம்பு படுத்திருக்கும். ஆகவே, ஏறுவது சுலபமா கடினமா என்பது கேள்வியே அல்ல. இறங்குவதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அக்காவின் பிள்ளை ஆடுவது பாம்பை அழித்துவிட்ட பரமபதம். என் பெண்ணின் வகுப்பும் அப்படியே. அதில் ஏணி மட்டும்தான். ஏணி மட்டும் இருக்கிற ஆட்டத்தில் மேலே இருப்பதற்கு அர்த்தம், நெடுநேரமாக உள்ளே இருக்கிறாய் என்பதுதான்.

ரேட்டிங் அப்படியல்ல. அமெரிக்காவில் பெளதிக ஆசிரியராக இருந்த அர்ப்பாட் ஈலோ என்பவர் வகுத்த முறை அது. 1970-இல் ஃபிடே ஏற்றுக்கொண்டது. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். பலசாலியை வென்றால் அதிகம் ஏறும். பலவீனனிடம் தோற்றால் அதிகம் இறங்கும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழந்தைகள் வேகமாக வளருகிறவர்கள் என்பதால் அவர்களுக்குக் கணக்கு இரட்டிப்பு. சம ரேட்டிங் உள்ள ஒரு சிறுமியும் ஒரு பெரியவரும் ஆடி, சிறுமி வென்றால், அவளுக்கு 20 ஏறும். அவருக்கு 10 இறங்கும். இப்படி இருந்தும் குழந்தைகளின் எண் அவர்களுடைய ஆட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. வீட்டிலிருந்தே ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடிக் கற்றுக்கொண்டு, கையில் சின்ன எண்ணோடு போட்டிக்கு வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் தோற்றுத் தோற்றுப் பெரியவர்களின் எண் தேய்ந்தது. "இவர்கள் ஏணியில் ஏறுவதற்கு நாங்கள்தான் படிக்கட்டு" என்று எங்கள் பெரியவர் சொன்னது வெறும் கசப்பில் சொன்னதல்ல. கணக்கும் அதைத்தான் சொல்லிற்று.

ஃபிடேக்கும் அது தெரிந்தது. 2024 மார்ச் முதல் தேதியன்று ஒரு காரியம் செய்தார்கள். 2000-க்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். ரேட்டிங்கின் அடிமட்டத்தையும் 1000-லிருந்து 1400-ஆக உயர்த்தினார்கள்.

அன்று காலை என் பெண் தூக்கம் கலைந்து எழுந்தபோது, முதல் நாள் 1110-ஆக இருந்தவள் 1466 ஆகியிருந்தாள். 356 புள்ளி! ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. நாலு வீடு தள்ளி, பெரியவர் 1560-லிருந்து 1736 ஆகியிருந்தார். வீட்டில் பாயசம் வைக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். பெண் பல்கூடத் தேய்க்காமல் என்னிடம் வந்து நின்று, "அப்பா, நான் நேத்தியைவிட இன்னைக்கு நன்னா ஆடறேனா?" என்று கேட்டாள்.

பதினொரு வயதுக் குழந்தையின் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆமாம்" என்றால் பொய். "இல்லை" என்றால் அதுவும் உண்மையா என்று நிச்சயமில்லை. அந்தக் கணினி ஆட்டத்தில் பெயரை மாற்றி ஜனங்களைத் திருப்தி செய்தார்களே, அதே தந்திரமா இது? அல்லது நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து மணியைத் திருத்தியதா?

யோசித்துப் பார்த்தபோது இதைச் சோதிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது என்று தோன்றிற்று. ஈலோவின் எண் வெறும் அலங்காரமல்ல. அது ஒரு ஜோசியம். இரண்டு பேருடைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், அவர்கள் நூறு ஆட்டம் ஆடினால் யாருக்கு எத்தனை என்று முன்கூட்டிச் சொல்கிறது. பழைய எண்ணின்படி என் பெண்ணுக்கும் பெரியவருக்கும் வித்தியாசம் 450. நூறு ஆட்டத்தில் அவளுக்கு ஆறேழு புள்ளிதான் கிடைக்க வேண்டும். புதிய எண்ணின்படி வித்தியாசம் 270. நூற்றுக்குப் பதினேழு கிடைக்க வேண்டும். எது சரி? ஆடிப் பார்த்துவிட்டால் தெரிந்துபோகிறது!

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "பரிசோதனைக்கு நான்தான் எலியா?" என்று சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார். ஏப்ரல் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில், அவர் வீட்டு ரேழியில், கடிகாரம் வைத்து ஒரே ஓர் ஆட்டம். அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. விட்டுக்கொடுக்கிற சுபாவம் அவருக்கு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் நான் கணக்கு எழுதினேன். முதல் ஐந்து வாரமும் குழந்தை தோற்றாள். ஆறாம் வாரம் டிரா. பிறகு ஒரு நாள், குதிரையைப் பலி கொடுத்து, அவருடைய ராஜாவை நடுக் கட்டத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து மடக்கினாள். பெரியவர் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "இன்னொரு தடவை அந்த இடத்தை வை, பார்க்கலாம்" என்றார். தீபாவளிக்கு முன்னால் இருபது ஆட்டம் முடிந்திருந்தது. அவளுக்கு மூன்று வெற்றி, இரண்டு டிரா: மொத்தம் நாலு புள்ளி.

இருபதுக்கு நாலு. இருபது ஆட்டத்தைக்கொண்டு உலகத்தை அளந்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பழைய எண் சொன்ன ஜோசியப்படி ஒன்றோ ஒன்றரையோதான் கிடைத்திருக்க வேண்டும். புதிய எண் மூன்றரை என்றது. அதாவது, மார்ச் மாதம் அவளுக்குக் கிடைத்தது இனாம் அல்ல. அதற்கு முன்னால் அவளைப் பற்றி ஏணி சொல்லிக்கொண்டிருந்ததுதான் பொய். பெரியவரை அவள் படிக்கட்டாக மிதித்ததும் அந்தப் பொய்யினால்தான். இதை நான் அவரிடம் விளக்கியபோது, "அப்படியானால் எனக்கு நஷ்டஈடு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்" என்றார். நஷ்டஈடு வாங்கியவரின் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் பாம்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, அது கடித்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்தத் தீபாவளி விடுமுறையில் என் பெண் ஒரு போட்டிக்குப் போனாள். மூன்று நாள் போட்டி. மின்விசிறி ஓடாத மண்டபம். முதல் நாளே கையில் வந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டாள். அந்தத் துக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது. ஒன்றை வென்று மறுபடி இரண்டு தோற்றாள். குழந்தைகளுக்குக் கணக்கு இரட்டிப்பு என்றேனே, இறங்கும்போதும் இரட்டிப்புத்தான். மொத்தத்தில் எண்பதுக்கு மேல் போய்விட்டது. 1466-லிருந்து எண்பது போனால் 1400-க்குக் கீழே. 1400-க்குக் கீழே போனவர்களுக்குப் புதிய விதிப்படி எண்ணே கிடையாது. அடுத்த மாதப் பட்டியலில் அவள் ரேட்டிங் இல்லாதவள். 1110-ஆக இருந்தபோதாவது 1110 என்று ஒன்று இருந்தது!

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அலமாரியில் இருந்த நான்காம் லெவல் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். "இது மட்டும் அப்படியே இருக்கே அப்பா" என்றாள். அதை அவள் ஆறுதலாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு என்னவோ அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தபோது, சென்ற வருஷம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஓர் இலக்கியப் பட்டம் கொடுத்தார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பட்டமும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கதைகள் திரும்பி வந்துவிட்டன. பட்டத்துக்கு அது தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போவாளோ மாட்டாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னால் போனேன். பெரியவர் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "நாங்கள் தால் கிளப்பில் ஆடின காலத்தில் எனக்கு எண்ணும் கிடையாது, ஒன்றும் கிடையாது. யார் யாரை ஜெயிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். நீ வெள்ளையா கறுப்பா இன்னைக்கு?" என்றார். அன்றும் அவள் தோற்றாள். ஆனால் ஐம்பது நகர்த்தலுக்கு மேல் அவரைப் படாத பாடு படுத்தினாள்.

ஆகவே அக்காவின் பிள்ளைக்கு என் பதில் இது. ஏறுவது சுலபமாகிவிட்டதே என்று வருந்தாதே. வழி தெரிந்தவர்கள் பெருகினால் ஏற்றம் சுலபமாகத்தான் ஆகும், அது நல்லது. குகேஷ் தம் குருநாதர் விஷ்ணு பிரசன்னாவின் யோசனைப்படி, 2500-ஐத் தொடும் வரையில் கணினியின் உதவியில்லாமலேயே பயின்றார். 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். சுலபமான வழி பக்கத்திலேயே இருந்தபோது கொஞ்ச காலம் அதை வேண்டாமென்று ஒதுக்குகிற உரிமை யாருக்கும் உண்டு. நீயும் வேண்டுமானால் பழைய ஆட்டத்துக்குப் போ. அங்கேயும் வரிசை இருக்கிறது. ஆனால் நீ இருக்கிற ஆட்டத்தில் கீழே விழ வழி இருக்கிறதா என்று முதலில் பார். வழி இல்லை என்றால், மேலே நிற்பதாக உனக்குச் சொல்கிறவன் உன் நண்பன் அல்ல. உன்னிடம் அடுத்த தவணை வாங்கப்போகிறவன்.

அவன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க ஒரு தடவை ஆடிப் பாருங்களேன்" என்றான். இன்னும் ஆடவில்லை.

என் பெண் வகுப்பை விட்டுவிட்டாள். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். ரேட்டிங் என்று கேட்டிருந்த இடத்தில் சைபர் போட்டு, கட்டணமும் கட்டியாகிவிட்டது.